ஒற்றைப் பரீட்சார்த்தி

பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சையில் கலைப்பிரிவென்றால் மூன்று பாடம். மூன்றிலும் சித்தி வேண்டும், அதற்கு மேல் இசட் புள்ளி, அதற்கும் மேல் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் வெட்டுப்புள்ளிக் கணக்கு. பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானத்தைச் சிறப்புக் கற்கையாக எடுக்க ஆசைப்பட்டால், உயர்தரத்திலும் அதே பாடத்தில் சித்தியடைந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான் தகுதி என்று நானும் நம்பினேன். வன்னியில், விசுவமடுவில் இருந்துகொண்டு அதைப் படிக்க, முதலில் படிப்பிக்க ஒரு ஆள் வேண்டும் என்பதை எவரும் சொல்லவில்லை.

வன்னிக்கு வெளியிலிருந்து வரும் ஆசிரியர்களுக்குக் கஷ்டப் பிரதேசச் சேவை என்று ஒரு காலம் உண்டு. அது முடிந்ததும் இடமாற்றம் வரும். விடிய எழும்பி யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து போகிறவர்கள், இடமாற்றம் வந்த பிறகு ஏன் நிற்கப் போகிறார்கள்? அதனால் எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் பாடத்தைப் பார்த்துப் பாடம் எடுப்பதில்லை. எந்த ஆசிரியருக்குச் சேவைக்காலம் மிச்சம் இருக்கிறது என்று விசாரித்துத்தான் எடுப்பார்கள். எங்கள் காலத்தில் அரசியல் ரீச்சர் புதிதாக வந்தவா. உயர்தரம் முடியும்வரை நிற்பா என்று கணக்குப் போட்டு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். கலியாணம் எங்கள் கணக்கில் இருக்கவில்லை. அடுத்த வருடம் அவாவுக்குக் கலியாணம் முடிந்தது, கணவரின் ஊர்ப்பக்கமே இடமாற்றமும் கிடைத்தது. போகிற அன்று எங்களுக்கு ரொபி தந்தா. தந்ததைச் சாப்பிட்டுவிட்டு அழுதோம்.

அடுத்த கிழமையே மற்ற நான்கு பேரும் இந்து நாகரிகத்துக்கு மாறிவிட்டார்கள். அதிபர் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு பிள்ளைக்காக வலயக் கல்வி அலுவலகத்தில் ஆசிரியர் கேட்க முடியாது, கேட்டாலும் தரமாட்டார்கள் என்று பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். கடைசியில், ஊர் ஓடினால் ஒத்தோட வேண்டும் என்று பழமொழியும் சொன்னார். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. யுத்தத்தில் ஊரோடு ஒத்தோடிய அனுபவம் வன்னியில் எந்த வீட்டுக்குத்தான் இல்லை? நான் நடக்கப் பழகியதைவிட ஓடப் பழகியதுதான் அதிகம். இனி ஓடுவதாக இல்லை என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. "நான் இதையே படிக்கிறன் சேர்" என்று மட்டும் சொன்னேன்.

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால், காரணம் பெரிதொன்றுமில்லை. சின்ன வயதில் எங்களை இங்கே போ, அங்கே போ, வரிசையில் நில் என்று சொன்னவர்கள் எல்லாரும், வேறு யாரோ எடுத்த முடிவைத்தான் சொன்னார்கள். அந்த யாரோ எங்கே இருக்கிறார், எப்படி முடிவெடுக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கென்று ஒரு பாடமே இருக்கிறது என்று அறிந்த பிறகு அதை விட மனம் வரவில்லை.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா இல்லை. அம்மா கச்சான் கடலைத் தோட்டத்துக்குள் நின்றபோது விசயத்தைச் சொன்னேன். அரசியல் என்ற சொல்லைக் கேட்டதும் அவா நிமிர்ந்து முதலில் வேலிப்பக்கம் பார்த்தா. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் பெரியவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு குனிந்து கச்சானைப் பிடுங்கினா.

"படிக்கிறதெண்டால் படி. ஆனால் வெளியில ஆரோடையும் உதைப் பற்றிக் கதைக்கப்படாது. எனக்கு நீ ஒராள்தான்" என்றா.

ஓம் என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றுவது எனக்கு ஒரு கஷ்டமாகவும் தெரியவில்லை. கதைக்க ஆள் இருந்தால்தானே?

நேரசூசியில் அரசியல் பாடம் அப்படியே இருந்தது. மணி அடித்ததும் மற்றவர்கள் ஒரு பக்கம் போக, நான் கடைசி வகுப்பறைக்குப் போவேன். முதலில் சும்மா இருந்து வாசித்தேன். நித்திரை வந்தது. பிறகு நானே எழும்பிப் போய்க் கரும்பலகையில் தலைப்பை எழுதிவிட்டு, வந்து கதிரையில் இருந்து அதைக் கொப்பியில் பார்த்து எழுதுவேன். பாடம் முடிய நானே போய் அழிப்பேன். இதை யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கமாக இருக்கும். ஒருவரும் காணவில்லை. அந்தப் பக்கம் வர எவருக்கும் ஒரு தேவையும் இருக்கவில்லை.

பக்கத்து வகுப்புக்கும் எனக்கும் இடையில் அரைச்சுவர்தான். அந்தப் பக்கம் என்னுடைய நான்கு தோழிகளும் இந்து நாகரிகம் படித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்பதும், இவர்கள் பிழையாகச் சொல்லிப் பேச்சு வாங்குவதும், பிறகு எல்லாரும் சிரிப்பதும் கேட்கும். சோழர் காலக் கோயில்களைப் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். கண் ஒரு பாடம் படித்தது, காது இன்னொன்று படித்தது. அவர்கள் சிரிக்கும்போது நானும் இந்தப் பக்கம் இருந்து சிரித்திருக்கிறேன். பிறகு எனக்கே ஒரு மாதிரியாகப் போய்விடும். பேச்சு வாங்குவதற்குக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும் என்று அந்த வருடம்தான் விளங்கியது.

நான் எழுதும் விடை சரியா பிழையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. கிளிநொச்சியில் பழைய வினாத்தாள்களும் அவற்றுக்கான புள்ளித்திட்டங்களும் வாங்கி வந்து, நானே எழுதி நானே திருத்தினேன். புள்ளித்திட்டத்தில் ஐந்து காரணம் என்றிருந்தால் ஐந்து காரணம். ஆறாவதாக ஒன்று மனதில் வந்தால் வெட்டிவிடுவேன். முதலாவதாக, இரண்டாவதாக என்று தொடங்கி, எனவே என்று முடித்தால் கேள்வியின் கதை முடிந்தது. ஒரு கேள்விக்கு அதற்குப் பிறகும் கதை இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது.

பரீட்சை நிலையத்திலும் அந்தப் பாடத்துக்கு நான் ஒருத்திதான். முதல்நாள் நிரம்பியிருந்த மண்டபத்தில் அன்றைக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, எதிரே இரண்டு பெரியவர்கள். வினாத்தாள் பொதி உடைபடாமல் வந்திருக்கிறது என்று பிள்ளைகளில் இரண்டு பேரைக் கொண்டு கையெழுத்து வைப்பிப்பார்கள். மேற்பார்வையாளர் பொதியை என்னிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினார். மற்றப் பிள்ளைக்கு எங்கே போவது என்பதுபோல மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறுதலாக எழுதும்படி சொல்லிவிட்டுப் போய் இருந்தார். மூன்று மணித்தியாலமும் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாவம், வேறு யாரைப் பார்ப்பார்கள்? அந்த இரண்டு வருடத்தில் என் படிப்பை இருந்து பார்த்தவர்கள் அவர்கள்தான்.

முடிவு வந்தது. அரசியல் விஞ்ஞானத்தில் எங்கள் பாடசாலைக்கு நூறு வீதச் சித்தி என்று அதிபர் பரிசளிப்பு விழாவில் ஒலிவாங்கியில் அறிவித்தார். சனம் கை தட்டியது. எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் எல்லாரும் பொதுவாகப் படிப்போம். அதில் பெறும் புள்ளிகளையும் கலந்துரையாடல் வகுப்பையும் பார்த்துத்தான் சிறப்புக் கற்கைக்கு எடுப்பார்கள். விரிவுரை மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தும் எனக்கு அது பழைய கடைசி வகுப்பறையாகத்தான் இருந்தது. விடுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைகள் சிலர், உங்கட மாவட்டத்துக்குக் கம்பஸ் வரக் குறைஞ்ச புள்ளியே போதும்தானே என்று பகிடியாகச் சொல்வார்கள். பகிடிதான், ஆனால் சுடும். கலந்துரையாடல் வகுப்பில் நான் வாய் திறப்பதில்லை. பதில் தெரியாமல் இல்லை. சொல்ல நினைத்தாலே அம்மா வேலிப்பக்கம் பார்த்தது ஞாபகம் வந்து நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் வகுப்பு முடிய விரிவுரையாளர் என்னை மறித்தார். எழுத்தில் உமக்குக் குறையில்லை, ஆனால் கதைக்காத பிள்ளையை இந்தத் துறைக்குச் சிபாரிசு செய்ய முடியாது, அடுத்த கிழமைதான் கடைசி வகுப்பு என்று நேரடியாகவே சொன்னார். இதற்காகத்தானா அவ்வளவு காலம் தனியே இருந்தாய் என்று விடுதிக்குப் போகும் வழியெல்லாம் என்னையே நான் ஏசிக்கொண்டு போனேன்.

அந்தக் கடைசி வகுப்பில் பிரதிநிதித்துவம் பற்றிய கேள்வி வந்தது. கையை உயர்த்தினேன். எழும்பி நின்று, முதலாவதாக என்று தொடங்கினேன். ஐந்து காரணங்களையும், மற்றவர்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஒருவரும் எழுதவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனவே என்று முடித்துவிட்டு உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது எனக்கு முன்வரிசையில் இருந்த மட்டக்களப்புப் பிள்ளை முழுதாகத் திரும்பினாள். அதுவரை அவளோடு நான் ஒரு சொல் கதைத்ததில்லை.

"அப்படி இல்லகா. எங்கட ஊர்ல எலக்சன் முடிஞ்சா அந்த ஆளக் காணவே ஏலா. பிறகென்ன பிரதிநிதி?"

சொல்லிவிட்டு அவள் முன்பக்கம் திரும்பவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாளில் எனக்கு அந்தத் துறையில் இடமும் கிடைத்தது. கிடைத்த நாள் எனக்கு நினைவில்லை, அந்த முகம்தான் நினைவிருக்கிறது. நான் சொன்னதை ஒருத்தி கேட்டிருக்கிறாள், கேட்டுப் பிழை என்றும் சொல்கிறாள். சந்தோசத்தில் கண் நிறைந்துவிட்டது. அவள் பயந்துவிட்டாள், கோபமோ என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினேன்.

"ஆள் வராதது அந்த ஆளின்ர பிழை. அதுக்காக ஆளே வேண்டாமெண்டு சொல்லுவீரோ?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருந்தேன்.