கட்டைவிரல் கூட்டிய பதினெட்டுப் பேர்

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வலியோடு வருகிறவர்களை உட்காரச் சொல்லிக் காத்திருக்க வைப்பது அவள் தொழில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் மாடி அறையை வாடகைக்கு எடுத்து, யாரும் கேள்விப்படாத பாடகர்களைக் கூட்டிவந்து பாட வைப்பாள். அறுபது நாற்காலி. டிக்கெட் கிடையாது. போகும்போது வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் தோன்றியதைப் போடலாம்.

அவளிடம் ஒரு நோட்டு உண்டு. தேதி, பாடியவர், மழையா வெயிலா, எத்தனை பேர், பெட்டியில் எவ்வளவு என்று நாற்பத்தொரு நிகழ்ச்சிகள் அதில் இருக்கின்றன. எத்தனை நாற்காலி போடுவது, பாடகருக்கு எவ்வளவு கொடுப்பது, எல்லாமே அதைப் புரட்டிப் பார்த்துத்தான். கல்யாணத்துக்குக்கூட அவள் இவ்வளவு விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அத்தான் எங்கள் வீட்டுப் படியேறியிருக்க முடியாது.

ஆனால் கூட்டத்தைக் கண்டால் அவளுக்குப் பயம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து விளக்கையும் மைக்கையும் கவனித்துக்கொள்வாள். ஆள் எண்ணுவது நான். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் ஓர் எண் கூடும்.

முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். "எத்தனைடா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து ஒன்பது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இருபதுக்கா," என்றேன். சொல்லிவிட்டுச் சட்டைப்பைக்குள் கையை விட்டுப் பதினொரு தடவை அமுக்கினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த மாதம் பதினைந்து பேர்தான். இருபது வந்த இடத்தில் பதினைந்து என்றால் அவள் உடைந்துபோவாளே என்று அன்றும் அமுக்கினேன். மழை பெய்த நாட்களில் கூட்டம் பாதியாகும். அன்றைக்குத்தான் என் கட்டைவிரலுக்கு வேலை அதிகம். உண்மையான எண்ணை ஒவ்வொரு தடவையும் என் செல்போனில் குறித்துவைத்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. பயந்தவன் செய்கிற காரியம்.

ஒரு நாள் அவள் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்துவைத்து என்னைக் கூப்பிட்டாள். முகத்தில் அப்படி ஒரு களை.

"கடைசி ஒரு வருஷமா சராசரி அம்பத்திநாலு பேருடா. ஆளுக்கு நூறு போட்டிருக்காங்க. இனிமே அந்த ரூம்ல இடமில்ல. இருநூறு பேர் உக்கார்ற ஹால் பார்த்துட்டேன். நூறுன்னு டிக்கெட் வெச்சு வாராவாரம் நடத்தப்போறேன். மழைக்காலத்துல அங்க வாடகை பாதி. நம்ம ஆளுங்கதான் மழைக்கு அசர்றதே இல்லையே."

நோட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"வேலை?" என்றேன்.

"ரெண்டையும் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு டாக்டர் கையில கடிதாசி குடுத்துடறேன்."

அத்தானுக்கு நிலையான வருமானம் கிடையாது. அந்த வீடு ஓடுவதே இவள் சம்பளத்தில்தான். இல்லாத ஆட்களை நம்பி அவள் வேலையை விடப்போகிறாள். அந்த ஆட்களை உண்டாக்கியவன் நான். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. தினமும் செல்போனை எடுத்தேன், வைத்தேன். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மருத்துவமனைக்குள் நுழைந்தேன்.

மேசையில் வெள்ளை உறை இருந்தது. எதிரே கன்னம் வீங்கிய ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, அந்த அம்பத்திநாலு பேர் வரலக்கா. முப்பத்தாறுதான்."

"எப்போ?"

"எப்பவுமேதான். நான் கூட்டிச் சொன்னேன். மழையில இன்னும் மோசம்."

செல்போனை நீட்டினேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதினாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக ஏழு நிமிடம் இருந்தது. கன்னம் வீங்கியவர் தன் வலியை மறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

"முதல் நாள் ஒன்பதுன்னு எனக்குத் தெரியும்டா. திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன்கா..."

"அன்னைக்கு மட்டும்தான் நீ பொய் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் நான் எட்டிப் பார்க்கவே இல்ல. பார்க்கப் பயம்."

உறையை எடுத்து இழுப்பறையின் அடியில் போட்டுப் பூட்டினாள். உடனே பழைய கணக்குப் புத்தி திரும்பிவிட்டது. "பெட்டியில விழுந்தது பொய் இல்லையே. அப்போ ஆளுக்கு நூத்தம்பது போட்டிருக்காங்க," என்றாள். பிறகு கன்னம் வீங்கியவரை உள்ளே போகச் சொன்னாள்.

பெரிய ஹால் கனவு அதோடு போயிற்று. அடுத்த நிகழ்ச்சி அதே மாடி அறையில், நூற்றைம்பது டிக்கெட். அன்று பார்த்து மழை. திருத்திய நோட்டைப் பார்த்து மழை நாளுக்கு அவள் கணக்கிட்ட எண் இருபது. நாற்காலியும் இருபதுதான் போட்டாள். என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, கருவியை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

விளக்குப் பலகைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. யாராவது வருகிறார்களா, ஒருவர்கூட இல்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மூன்றரை வருஷம் இவள் இந்த இருட்டில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாளா என்று அப்போதுதான் உறைத்தது.

ஆறு மணிக்குத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எத்தனை பேருக்கா?"

"பதினேழு," என்று கருவியைக் காட்டினாள். "விளக்கைப் போடு."

கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டேன்.