நீல முகமூடிக்காரனின் மூன்றாவது கேசட்

அந்தப் படம் வரப்போகிற செய்தியை நண்பன் போனில் சொன்னபோது, சந்தோஷப்படுகிறவனைப் போலத்தான் சத்தம் எழுப்பினேன்.

நாங்கள் பள்ளிக்கூட நாட்களில் பார்த்த ஜப்பானிய டிவி தொடர் அது. முகமூடி போட்ட வீரன் ஒருவன் ஒவ்வொரு கதையிலும் ஒரு ராட்சசப் பிராணியை உதைத்துக் கடலுக்கு அனுப்புவான். அதை இப்போது புதிதாக, பெரிய படமாக எடுத்திருக்கிறார்களாம்.

"தமிழ்லயே வருது மாமு. அவன் பேசறது அத்தினியும் தமிழ்ல" என்றான் நண்பன். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். ஒரு சேதியைச் சொல்ல ஆரம்பித்தால் பின்னால் இன்னும் நாற்பது அடி வந்துகொண்டே இருக்கும்.

"தமிழ் எதுக்குடா? ஜப்பான் பாஷையில பாத்தாதான் நல்லாருக்கும்" என்றேன்.

"உனுக்குப் புரியும். நாங்க இன்னா பண்றது?"

அங்கேதான் சிக்கல். எனக்கும் புரியாது. முப்பது வருஷமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டும் வேலை. தூக்கு, இறக்கு, நிறுத்து: எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் அவருடைய மொழி இந்த மூன்று சைகைகள்தான். ஒரு ஜப்பான் கப்பல்காரர் எதற்காகவோ சந்தோஷப்பட்டு அவரிடம் மூன்று வீடியோ கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அவற்றை வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் மறுநாள் பள்ளியில், "எங்கப்பாவுக்கு ஜப்பான் பாஷை தெரியும், எனக்கும் சொல்லித் தந்திருக்காரு" என்று அறிவித்தேன். ஆங்கிலத்திலேயே நான் முப்பத்தைந்து மார்க்கைத் தாண்டியதில்லை. ஆனால் ஜப்பானிய மொழியில் எனக்குப் பரீட்சை வைக்க ராயபுரத்தில் ஆள் இல்லை.

எங்கள் தெருவில் வருஷத்துக்கு மூன்று முறை வீடியோ கேசட் போடும் டெக் வாடகைக்கு வரும்: மாதா கோயில் திருவிழாவுக்கு, கிறிஸ்துமஸுக்கு, பொங்கலுக்கு. பெரியவர்கள் பார்க்க வேண்டிய படங்கள் எல்லாம் முடிந்து, டெக்கைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் காலையில் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கிடைக்கும். அதில் ஒரு கேசட். அந்த ஊர்க் கேசட் நம் ஊர் டெக்கில் கலராக ஓடாது. கறுப்பு வெள்ளையில், படம் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருக்கும். டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான் நின்றுகொள்வேன். அவர்கள் பேசப் பேச நான் தமிழில் சொல்லவேண்டும்.

சொன்னேன். ராட்சசப் பிராணி இரண்டு நிமிஷம் உறுமியதை "வூட்ல அரிசி இல்லியாம்" என்று முடித்தேன். ஒரு பெண் ஒரே ஒரு சொல் சொன்னதை, அவளுடைய கல்யாணம் நின்றுபோன கதையாக இரண்டு நிமிஷம் விவரித்தேன். கதாநாயகன் கத்திக்கொண்டே பாய்ந்தால் அது "டேய், யார் பேட்டைல வந்து இன்னாடா பண்ற". முகமூடிக்கு என்ன கலர் என்று கேட்டார்கள். நீலம் என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான்.

முதல் கேசட் திருவிழாவில் முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு புயல். எங்களில் ஒருவன் காசிமேட்டிலிருந்து வருகிறவன். அவன் அப்பா போன படகு திரும்பவில்லை. பல வாரங்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இரண்டாவது கேசட் ஓடிக்கொண்டிருந்தபோது வந்து கதவோரம் உட்கார்ந்தான். யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு கிழவர் வந்தார். வெள்ளை அங்கி, பின்னால் தண்ணீர்த் தொட்டி, குமிழிகள். என் வாய் என்னைக் கேட்காமல் சொன்னது: "இவர்தான் நம்ம முகமூடிக்காரனோட நைனா. கடலுக்கு அடியில கீறாரு. மேல வர முடியாது. ஆனா பையன் சண்டை போடும்போது எங்க அடிக்கணும்னு அங்கேர்ந்து சொல்லுவாரு."

கதவோரம் இருந்தவன் நகர்ந்து முன்னால் வந்து உட்கார்ந்தான். அதற்கப்புறம் அந்தக் கிழவர் வாயைத் திறந்தபோதெல்லாம் மகனுக்கு யோசனை சொல்ல வைத்தேன். அவர் விட்ட சிரிப்பு கொஞ்சம் கர்ணகடூரமாகத்தான் இருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று சமாளித்தேன்.

பொங்கலுக்கு மூன்றாவது கேசட். கதாநாயகன் அப்பாவைப் பார்க்கக் கடலுக்குள் குதித்தான். குதித்தானா, யாராவது தள்ளினார்களா என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் தெறித்ததும் டெக் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டு டேப்பைத் தின்றுவிட்டது. உள்ளே சிக்கியதை இழுத்தபோது சேமியா மாதிரி வந்தது. கதை அங்கேயே நின்றது.

அன்றிலிருந்து காசிமேட்டுக்காரன் வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்பான். "அவன் கடல்லேர்ந்து வந்தானா இல்லியா, அந்த ஜப்பான் கப்பல் திரும்ப வந்தா உங்க நைனாவ கேக்கச் சொல்லு." கேட்கிறேன் என்பேன். அப்பா ஓய்வு பெற்றார், காலமும் ஆனார். அவன் கேட்பது நிற்கவில்லை. இப்போது அவனுக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடி லாஞ்சு இருக்கிறது. அதன் எஞ்சினைப் பெற்ற பிள்ளையைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறான்.

படம் வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். லாஞ்சுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடந்ததால் அவனும் வந்தான். திருவொற்றியூர் பக்கம் ஒரு தியேட்டர், பகல் காட்சி. வாசலில் கல்லூரிப் பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லா முகமூடியும் சிவப்பு.

"இன்னாடா செவப்பா கீது?" என்றான் டிரெய்லர்காரன்.

"இப்ப மாத்திட்டானுங்க போல" என்றேன். ஒரு பொய்யை முப்பது வருஷம் ஊறுகாய் போட்டு வைத்திருந்தால் அடுத்தது தானாக வருகிறது.

தொடரின் பழைய பாட்டின் முதல் இசை வந்ததும் தியேட்டர் எழுந்து நின்றது. எனக்கு முன் வரிசையில் ஒரு பையன் விசில் அடித்துக்கொண்டே அழுதான். எழுந்து நின்றவர்களில் நாங்கள் மூன்று பேரும் உண்டு, தொப்பையோடு. பிறகு கதாநாயகன் வாயைத் திறந்தான். "அநீதியை அழிப்பதே என் கடமை" என்றான்.

"இன்னா மாமு, நூஸ் வாசிக்கிறான்" என்றான் டிரெய்லர்காரன். "நம்மாளு எப்டி பேசுவான். 'யார் பேட்டைல வந்து இன்னாடா பண்ற'ன்னு ஒரு அதட்டு வுடுவான்ல."

முன் வரிசைப் பையன் திரும்பி முறைத்தான். நான் இருக்கைக்குள் இறங்கிக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் கிழவர் வந்தார். அதே வெள்ளை அங்கி, அதே தண்ணீர்த் தொட்டி. காசிமேட்டுக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. கிழவர் சிரித்தார். சளி எல்லாம் இல்லை. அவர்தான் வில்லன். ராட்சசப் பிராணிகளைத் தொட்டியில் வளர்த்து ஊருக்குள் விடுகிறவர். கடைசியில் கதாநாயகன் ஓடிவந்து அவரை உதைத்தான். தியேட்டரே கைதட்டியது. பக்கத்து இருக்கையில் காசிமேட்டுக்காரன் மட்டும் கைதட்டவில்லை.

வெளியே பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். முகமூடியின் கண் பெரிதாகிவிட்டது என்று ஒருவன், பழையதைவிட இதுதான் அழகு என்று இன்னொருவன். காசிமேட்டுக்காரன் வண்டியில் சாய்ந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"பெத்த நைனாவ போய் எத்தி வுட்டானேடா."

நான் அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். பசிக்கிறது என்று சொன்னேன்.

அன்று சாயங்காலமே, போனில் இருந்த அந்தத் தொடரின் ரசிகர் குழுவில் அவன் எழுதிவிட்டான். டிரெய்லர்காரன்தான் எங்கள் இரண்டு பேரையும் அதில் சேர்த்துவிட்டிருந்தான். 'பழைய கதையில் அவர் ஹீரோவின் அப்பா. கடலுக்கடியில் இருந்து உதவி செய்வார். பணத்துக்காக இப்படிக் கெடுத்துவிட்டார்கள்.' குழுவில் எல்லா எபிசோடும் மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்த ஆள் முதல் நாளிலிருந்தே வில்லன் என்றார்கள். எந்த எபிசோட் என்று கேட்டார்கள். பெருசு கனவு கண்டிருக்கிறது என்று ஒருவன். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. இவன் விடவில்லை. 'நான் கண்ணால் பார்த்தேன். என் நண்பனுக்கு ஜப்பான் பாஷை தெரியும். அவன் நாளைக்கு வந்து சொல்லுவான்' என்று எழுதி, என் நம்பரையும் போட்டுவிட்டான்.

காலையில் காசிமேட்டுக்குப் போனேன். ஐஸ் பேக்டரியைத் தாண்டி, கட்டிக் கிடந்த லாஞ்சுகளில் அவனுடையதன் மேல் ஏறினேன். எஞ்சின் பள்ளத்துக்குள் இறங்கித் தலையைக் கீழே விட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையும் எண்ணெய். இந்த நிலையில் எழுந்து வந்து அடிக்கக் கொஞ்சம் நேரமாகும் என்று கணக்குப் போட்டு, தப்பி ஓடத் தோதாக, கரைக்கு இறங்கும் பலகைக்குப் பக்கமாகவே உட்கார்ந்தேன்.

"எழுதிட்டியா?" என்றான், தலையைத் தூக்காமல்.

"எனக்கு ஜப்பான் பாஷை தெரியாதுடா."

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"எங்கப்பாவுக்கும் தெரியாது. ஒரு வார்த்தை தெரியாது. அரிசி இல்லன்னு சொன்னது, கல்யாணம் நின்னுச்சின்னது, நீலக் கலரு, எல்லாம் நானா வுட்டது. அந்தக் கெழவன் அவங்கப்பா இல்ல. அன்னிக்கி நீ கதவாண்ட வந்து உக்காந்தியா, எனக்கு வேற ஒண்ணும் வாய்ல வரல."

பக்கத்து லாஞ்சில் யாரோ வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏறும்போது கழற்றிய செருப்பை மெதுவாக மாட்டிக்கொண்டேன்.

அவன் தலை வெளியே வந்தது. கன்னத்தில் கிரீஸ். என்னையே பார்த்தான்.

"அப்ப நேத்து அத்தினி பேர்கிட்ட என்னிய பேமானி ஆக்கிட்ட."

"இப்பவே எழுதறேன்." அவன் பார்க்கவே போனை எடுத்துக் குழுவில் எழுதினேன். அவன் பொய் சொல்லவில்லை, நீல முகமூடி, கடலுக்கடி அப்பா எல்லாப் பொய்யும் என்னுடையது, பன்னிரண்டு வயதில் ஸ்டூல் மேல் நின்று சொன்னது, சிரிப்பதானால் என்னைப் பார்த்துச் சிரியுங்கள். அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. பிறகு நேற்றுக் கனவு என்று எழுதிய பையனே, 'சாரி அண்ணா. அந்த நீல முகமூடிக் கதையை முழுசா எழுதுங்களேன்' என்று கேட்டிருந்தான். டிரெய்லர்காரன் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பினான்: "அடப்பாவி, அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னதுக்கு நான் ரெண்டு நாள் சோறு துன்னலடா."

நெஞ்சில் முப்பது வருஷமாக நின்றிருந்த சரக்கை யாரோ கிரேன் வைத்துத் தூக்கிக் கரையில் இறக்கியது போல இருந்தது. அடி விழவில்லை என்பதில் பாதி நிம்மதி. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காசிமேட்டுக்காரன் கந்தல் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப மூணாவது கேசட்டுல இன்னா ஆவுது?"

"டேப்புதான் மாட்டிகிச்சேடா."

"டேப்பு மாட்டிகிச்சி. கதை உன் வாய்ல தானே இருந்துது. நான் இத்தினி வருசமா அது ஜப்பான்காரன்கிட்ட கீதுன்னு நென்ச்சிகினு கெடக்கறேன். இங்க ராயபுரத்துலயே வெச்சிகினு கேக்கறேன் கேக்கறேன்னு டபாய்ச்சிருக்க. சொல்லு இப்ப."

பாஷை தெரியும் என்று நடித்தபோது கொட்டிய வாய், தெரியாது என்று ஒப்புக்கொண்டதும் வறண்டுவிட்டது. "அவன் உள்ள போனானா... அங்க அவங்கப்பா..." என்று இழுத்தேன்.

"நைனா மேல வந்தாருன்னு சொல்லாத" என்றான் அவன். "அதெல்லாம் வேணாம். பையன் வந்தானா, அத்த மட்டும் சொல்லு."

"வந்துட்டான்."

"எங்க?"

"இங்கதான். ஐஸ் பேக்டரிக்குப் பின்னாடி."

அவன் ஐஸ் பேக்டரிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நீலக் கலர்ல தானே?"

"நீலம்தான்."

"அது போதும்" என்று மறுபடி பள்ளத்துக்குள் இறங்கினான். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது. "அந்தப் பெரிய ஸ்பேனர எடுத்துக் குடு. செருப்பக் கழட்டிட்டு உக்காரு, ஓடற மாதிரியே உக்காந்துகினு."