ஏழு பத்துப் படகின் அக்கா

முகத்துவாரம் நெருங்கியதும் அக்கா எஞ்சினை முனகல் அளவுக்கு அடக்கிவிடுகிறார். அப்புறம் படகு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. காலை ஏழு பத்துப் படகில் வேலைக்குப் போகிறவர்கள் முணுமுணுப்பார்கள். கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுகிறவர் பல் டாக்டர்.

“அவங்க வாசல் வழியாப் போறோம். அதுங்களுக்குக் காதுதான் கண்ணு. நாம இரைச்சல் போட்டா தாய்க்குப் பிள்ளை எங்கன்னு எப்படித் தெரியும்?” என்பார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

அவங்க என்றால் டால்பின்கள். போன வருடம் எட்டு, இப்போது பதினொன்று. முதுகுத் துடுப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். வேகப்படகின் விசிறி வெட்டிய தழும்போடு ஒருத்தி. அவளுக்கு ‘நாத்தனார்’ என்று பெயர். “பாத்தும் பாக்காத மாதிரியே போவா.” வீட்டிலிருக்கும் சொந்த நாத்தனார் முதலில் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது, “என் பேர்க்காரி வந்தாளா?” என்று தினமும் விசாரிக்கிறாராம்.

சென்ற செவ்வாய்க்கிழமை நானும் படகில் இருந்தேன். நாத்தனார் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். யாரோ கடலில் வீசிய நைலான் வலை அவள் குட்டியின் வாலைச் சுற்றியிருந்தது. மூச்சுவிட மேலே வர முடியாமல் குட்டி அமிழ, தாய் மூக்கால் முட்டி முட்டித் தூக்கினாள். ஒவ்வொரு முறையும் தூக்கும் உயரம் குறைந்தது.

அக்கா எஞ்சினை அணைத்தார். கயிறு அறுக்கும் கத்தியோடு படகின் விளிம்பில் குப்புறப் படுத்தார்.

“டாக்டரே, காலைப் பிடிங்க. எனக்கு நீச்சல் தெரியாது.”

“இத்தனை வருஷமா படகு ஓட்டுறீங்களே!”

“படகுதானே ஓட்டுறேன்? பிடிங்க!”

டாக்டர் பிடித்தார். அவருடைய இடுப்பை இரண்டு பேர் பிடித்தார்கள். அக்கா ஒரு கையால் வலையை இழுத்துப் பிடித்து, மறுகையால் அறுக்க ஆரம்பித்தார். நடுவில் டாக்டருக்குக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. யாரோ காதில் வைத்தார்கள். “ஒரு அவசரக் கேஸ். எல்லாரையும் உக்கார வைம்மா.” குட்டி துள்ளும்போதெல்லாம், “அவ்வளவுதான், அவ்வளவுதான், இதோ முடிஞ்சிடுச்சு” என்று அதற்கும் சொன்னார். நாத்தனார் ஒரு கை தூரத்தில் அசையாமல் மிதந்தாள்.

கடைசி இழை அறுந்தது. குட்டி அக்காவின் முகத்துக்கு நேரே எழும்பி, புஸ்ஸென்று ஒரு முழு மூச்சை ஊதிவிட்டுத் தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டு போனது. படகில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

டாக்டர் கைக்குட்டையை நீட்டினார். மீன் வாடையடிக்கும் ஈரம் அக்காவின் புருவத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா கைக்குட்டையை வாங்கி, கத்தியை மட்டும் துடைத்துவிட்டு, நனைந்த முகத்தோடு சுக்கானைப் பிடித்தார்.