ஓவசியர் ஐயாவின் பானை முகம்

போன கிழமை பேத்தி பள்ளிக்கூடப் பாடத்தை உரத்து வாசித்துக்கொண்டிருந்தாள். "காட்சிக் கலைகள் பல வகைப்படும். ஓவியம், சிற்பம், புகைப்படம். இவை மனத்துக்கு அமைதி தருவன." நான் அந்நேரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். அமைதி என்ற சொல் காதில் விழுந்ததும் விரலில் இருந்த சுண்ணாம்பு முழுவதையும் அப்பிவிட்டேன். வாய் வெந்துபோயிற்று. எனக்குக் கோபம் பாடத்தின் மேலா, சுண்ணாம்பின் மேலா என்று இன்னும் தெரியாது.

"வெருளி எந்த வகைக்குள்ள வரும் பிள்ளை?" என்று கேட்டேன்.

"வயலுக்க நிக்கிற வெருளியோ? அதெல்லாம் கலை இல்லை அம்மம்மா. அது குருவிக்குக் காட்டுறது."

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பிக்கொண்டது. ஆகவே அவளோடு வாதாட எனக்குத் தகுதி இல்லை. வெந்த வாயால் வாதாடவும் முடியாது. ஆனால் உங்களுக்குச் சொல்வேன்.

அந்தச் சுண்ணாம்பு மணம் வந்தால் எனக்கு ஒரு பானைதான் நினைவில் வரும். பானைக்கு முன்னால் ஒரு படம். ஐம்பதுகளின் கடைசியில் கலியாணம் முடித்த கையோடு, யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் அரசாங்கம் கொடுத்த குடியேற்றக் காணிக்கு வந்தோம். புறப்படுவதற்கு முன்னால் பட்டணத்தில் கலியாணப் படம் பிடித்தோம். எங்களுக்குப் பின்னால் சீலையில் எழுதிய பெரிய குளம். கரைமுட்டத் தண்ணீர், இரண்டு அன்னம், ஒரு தோணி. படம் பிடிக்கிறவர் "இஞ்ச பாருங்கோ தங்கச்சி" என்று கத்தக் கத்த நான் குளத்தைத்தான் திரும்பிப் பார்த்தேன். படத்தில் என் கழுத்து சுளுக்கினதுபோல இருக்கும். காணிக்கு வந்து இரண்டு போகம் போனபிறகுதான் விளங்கியது: எங்களுக்குக் கிடைத்த நிறைந்த குளம் அந்தச் சீலைக்குளம் ஒன்றுதான்.

உண்மைக் குளத்திலும் தண்ணீர் இருந்தது. எங்கள் காணி கடைசி வாய்க்காலில் இருந்தது, அதுதான் கோளாறு. வாய்க்காலின் தலைப்பில் ஒரு இரும்புக் கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. பூட்டைத் திறக்கிற திறப்பு, தண்ணீர் பங்கிடுகிற ஓவசியர் ஐயாவின் இடுப்பில். தலைப்பு வயல்காரர் அவருக்குத் தேன் போத்தலும் மான் வற்றலும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர்கள் வயலில் தவளை நீந்தும். எங்கள் வயலில் தவளை நடந்து போகும்.

அந்தச் சிறுபோகம் பயிர் கதிர் தள்ளுகிற நேரம் கதவு பூட்டியபடியே கிடந்தது. அந்த நேரம் தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் சப்பி, உள்ளே அரிசி இல்லாத வெறும் உமி. நெல்லுக்கும் வயிறு, எனக்கும் வயிறு. மூத்தவள் உள்ளே உதைத்துக்கொண்டிருந்தாள். விளையாவிட்டால் யாழ்ப்பாணம் திரும்பி, என் மனுசனுடைய தமையன் பெண்சாதியின் குசினியில் அவ அளந்து போடுகிற சோற்றைத் தின்னவேண்டும். அவவின் அகப்பையை உங்களுக்குத் தெரியாது. அது மற்றவர்களுக்குப் போடும்போது குழியும், எங்களுக்குப் போடும்போது தட்டையாகும்.

ஆம்பிளைகள் மனு எழுதினார்கள். நீர்ப்பாசனக் கந்தோர் வாசலில் நின்றார்கள். "பாப்பம்" என்ற ஒரு சொல்லோடு திரும்பி வந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். மனு எழுதத் தெரியாத நான் என்ன செய்ய?

பயிருக்குக் கிளி விழத் தொடங்கியிருந்தது. வெருளி வைக்கவேண்டும். ஓட்டைப் பானை ஒன்றைக் கவிழ்த்து, சுண்ணாம்பும் அடுப்புக்கரியும் குழைத்து முகம் எழுத உட்கார்ந்தேன். கிளிக்கு எந்த முகம் என்றாலும் போதும். என் கைக்குத்தான் போதவில்லை. மூக்குக்குக் கீழே தும்புக்கட்டை மாதிரி மீசை வந்தது. ஒரு கண் பாதி மூடி வந்தது, மனுவை வாங்கும்போது ஓவசியர் ஐயா மூடுகிற அதே கண். பிறகு வைக்கோலை அடைக்க அடைக்க வயிறு முன்னால் போனது. இடது தோளைக் கொஞ்சம் இறக்கினேன். மனுசனின் கிழிந்த காக்கிக் காற்சட்டை, ஓலைத் தொப்பி. வலது கையை இடுப்பில் வைத்து, அதற்குள் திறப்பென்று துருப்பிடித்த ஆணி ஒன்றைச் சொருகினேன்.

மனுசன் வந்து பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? இது அந்தாள் எல்லே!"

"எந்த ஆள்? இது வைக்கல்."

"வைக்கல் ஏன் என்னை இப்பிடிப் பார்க்குது?"

அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பரிசு.

அடுத்த நாள் பக்கத்துக் காணி அன்னப்பிள்ளையக்கா குளிக்கப் போகிற வழியில் நின்று, சீலையை ஒதுக்கி, வெருளிக்குக் கும்பிட்டாள். "ஐயா, எங்கட பக்கமும் ஒருக்காத் திறந்து விடுங்கோ. பிள்ளையள் பாவம்." மற்றப் பெண்டுகளும் தொடங்கிவிட்டார்கள். கந்தோரில் வாய் திறக்காத சனம் வயலில் நின்று வெருளியோடு சண்டை பிடித்தது. ஒருத்தி மான் வற்றல் என்று சொல்லி அதன் காலடியில் செருப்புத்தோல் துண்டொன்றை வைத்தாள். சிரிப்புக்குள்ளே எல்லாருக்கும் அழுகைதான். ஆனால் சிரித்த பிறகு முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. அதை நான் கண்ணால் கண்டேன்.

கதை தலைப்பு வாய்க்காலுக்குப் போய்விட்டது. ஓவசியர் ஐயா சைக்கிளை வரம்பில் போட்டுவிட்டு வந்தார். வெருளிக்கு முன்னால் நின்றார். வலது கை இடுப்பில். நான் வாயைக் கடித்துக்கொண்டேன்.

"ஆரின்ர வேலை இது?"

"கிளிக்கு வைச்சது ஐயா."

"இது நான்தானே?"

"ஐயாவே சொன்னா நாங்கள் மறுத்துக் கதைக்கலாமே?"

ஒரு தடியெடுத்துப் பானையில் ஒரு போடு போட்டார். முகம் சிதறி வயல் வெடிப்புக்குள் போனது. "இனி உங்கட வாய்க்காலுக்குச் சொட்டும் இல்லை" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார். மனுசன் வரம்பிலேயே குந்திவிட்டார். "தமையன்ர வீட்டுக்குக் காயிதம் போடட்டே?" என்றார். அந்தத் தட்டை அகப்பை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தலை இல்லாத வெருளியை நான் பிடுங்கவில்லை.

சில நாளில் பெரிய எஞ்சினியர் துரை அணைக்கட்டுப் பார்க்க ஜீப்பில் வந்தார். பின் சீற்றில் எங்கள் ஓவசியர். பாதை எங்கள் வயலோரம்; நானும் அன்னப்பிள்ளையக்காவும் வரம்பில் நின்றோம். துரை வெருளியைக் கண்டு ஜீப்பை நிறுத்தச் சொல்லி, "இது என்ன, தலை இல்லாமல்?" என்று டிறைவரைக் கேட்டார்.

டிறைவர் யோசிக்காமல் சொன்னான்: "எங்கட ஓவசியர் ஐயா, சேர்."

தலை இல்லை. முகம் இல்லை. வயிறும் தோளும் கையும் மட்டும்தான். அவனுக்கு ஆள் தெரிந்துவிட்டது! துரை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். இறங்கின கால் வெடிப்புக்குள் கணுக்கால் வரை போனது. சிரிப்பு நின்றது. காலை இழுத்துக்கொண்டு வயலைப் பார்த்தார். மனுவில் எழுதியிருந்த அதே வயல். அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது.

"திறப்பு எங்க?" என்றார்.

ஓவசியரின் வலது கை இடுப்புக்குப் போனது. அன்னப்பிள்ளையக்கா முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு ஓடினாள்.

பொழுதுபட முன்னம் தண்ணீர் வந்தது. பாதி நெல் ஏற்கெனவே சப்பி. மற்றப் பாதி விளைந்தது, அதைக்கொண்டு நாங்கள் அங்கேயே இருந்தோம். மூத்தவள் அங்கேதான் பிறந்தாள். ஓவசியருக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். வேறு குளத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்தக் குளத்துக்கும் கடைசி வாய்க்கால் ஒன்று இருந்திருக்குமே! அங்கே வெருளி கட்ட ஒருத்தி இருந்தாளோ இல்லையோ? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கடிபடுகிறது, கடிக்கிற அளவுக்குப் பல் இல்லாவிட்டாலும்.

அமைதி தருமாம். கோயில் சுவரில் எழுதின சாமியைப் பார்த்து எனக்கும் மனம் ஆறியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அன்னப்பிள்ளையக்காவின் வாசல் கோலத்தை மிதிக்க மனம் வராமல் வேலியால் சுற்றிப் போயிருக்கிறேன். ஆனால் படம் என்பது ஆறுகிறதற்கு மட்டுமா? காணாத மாதிரி இருக்கிற கண்ணுக்குள் விரலை விட்டு ஆட்டவும் அது வேண்டும்.

கலியாணப் படம் சண்டைக்கால இடப்பெயர்வில் எங்கேயோ விழுந்துவிட்டது. அன்னமும் போச்சு, தோணியும் போச்சு, என் சுளுக்குக் கழுத்தும் போச்சு. அன்னப்பிள்ளையக்காவும் இல்லை. கடைசி வாய்க்கால் மட்டும் இருக்கிறது. இந்தப் போகமும் அதில் தண்ணீர் இல்லை. மருமகன் காலமை தொடக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு பொம்பிளைக் குரல் ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்கிறது. ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் கேட்கச் சொல்கிறது. திறப்பு ஆரிடம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

நேற்றுப் பானை ஒன்றைக் கவிழ்த்துச் சுண்ணாம்பு குழைத்தேன். பேத்தி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஆரை எழுதப் போறியள் அம்மம்மா?"

கரித்துண்டைப் பானைக்குக் கிட்டக் கொண்டுபோனேன். மீசை இல்லை. வயிறு இல்லை. இறங்கின தோள் ஒன்றும் இல்லை. ஆரை எழுத? கடைசியில் முகம் எழுதாத பானையைத்தான் தடியில் வைத்தேன். நான் வரம்பு ஏற முன்னமே ஒரு கிளி வந்து அதன் தலையில் குந்தி, ஆற அமரக் கதிர் தின்றது.