அரை அடி முன்னால்

என் தங்கை வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் இரண்டு முறை தங்கம். பார்வை உள்ள பெண்களோடு ஓடிய பதினைந்து கிலோமீட்டரில் நான்காம் இடம். மைதானத்தில் காலை ஐந்தரை முதல் ஏழு வரை ஓட அனுமதி. அதற்கு மட்டும் பதினொரு நாள் நடையாய் நடந்தோம். மூன்று வயதில் காய்ச்சலில் பார்வை போனவள், மருந்துக் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று அட்டைப்பெட்டி மடிக்கிறவள், இத்தனையும் வென்றாள்.

ஆனால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அவள் வெல்லாத ஒன்றைத்தான் சொல்வார்கள். அதற்குக் காரணம் நான்.

பார்வையில்லாதவர் ஓடும்போது துணைக்கு ஒருவர் கூடவே ஓட வேண்டும். ஒரே கயிற்றின் இரு முனைகள் இருவர் கையிலும் இருக்கும். அந்தத் துணை நான்தான். வேகத்தடை, பள்ளம், நாய் எதையும் சொல்லாமல் விட்டதில்லை. அவளுக்கோ அதுவே தலைவலி.

"அண்ணா, பள்ளம் வந்தா சொல்லு. ரோட்டோரமா கோழி நின்னா எதுக்குச் சொல்ற?"

"குறுக்க வந்துட்டா?"

"வந்தா அது பாடு. நீ மூச்சு வாங்குற சத்தத்துல என் காலடியே எனக்குக் கேக்கல."

இருபத்தோரு கிலோமீட்டர் போட்டியில் எல்லாரையும் பின்னால் தள்ளிவிட்டு வந்தாள். முடிவுக் கோட்டைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "வந்துட்டோம், வந்துட்டோம்!" என்று கத்திக்கொண்டே அவளுக்கு அரை அடி முன்னால் தாண்டிவிட்டேன். துணை முதலில் தாண்டினால் அந்த ஓட்டமே செல்லாது. அந்த விதியை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்தவன் நான்!

ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் வாயைத் திறந்தாள்.

"நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப் போறேன். நீ வேணாம். தபால்காரக்கா வராங்க."

எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் பெண். அவர் நடையே என் ஓட்டத்தைவிட வேகம்.

போட்டி அலுவலகத்துக்கு விண்ணப்பம் வாங்கப் போனோம். "பாதுகாவலர் கையெழுத்துப் போடணும். துணைக்கு ஓடுறவர் பேரையும் அவரே எழுதணும்" என்றார் எழுத்தர். "இல்லேன்னா ஓடுறவங்களே கையெழுத்துப் போடலாம், துணைக்கு வர்றவர் தன் பேரைத் தானே எழுதலாம். கைநாட்டு செல்லாது."

அதுவரை அவளுடைய படிவங்களில் நான்தான் கையெழுத்துப் போட்டு வந்தேன். அவள் படிவத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"உன் கையில குடுத்தா உன் பேரைத்தான் எழுதுவ."

எழுதியிருப்பேன். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

கடைசித் தேதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. அட்டையில் அவள் பெயரைப் பெரிதாக வெட்டிக் கொடுத்தேன். அந்தப் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பழகினாள். பிறகு பேனாவால். கம்பெனிப் பெட்டிகளில் எழுதிப் பார்த்து மேற்பார்வையாளரிடம் திட்டும் வாங்கினாள்.

"சுழி இன்னும் உருண்டையா வரணும்" என்பேன்.

"பரீட்சை பேப்பரா திருத்துற? என் பேருன்னு தெரிஞ்சா போதாதா?"

"அரைகுறையா போட்டா திருப்பி அனுப்புவாங்க."

"உன்னோட மல்லுக்கட்டுறதுக்கு ரெண்டு மாரத்தான் ஓடிடலாம்."

கடைசி நாள் எழுத்தர் மேசையில் படிவத்தை வைத்தேன். கட்டம் இருக்கும் இடத்தில் அவள் விரலை வைத்துக் காட்டினேன். கடைசி இரண்டு எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே போய்விட்டன. சொல்ல வாயெடுப்பதற்குள் எழுத்தர் முத்திரை குத்திவிட்டார். துணை என்ற இடத்தில், எங்களோடு வந்திருந்த தபால்காரப் பெண் தன் பெயரை எழுதினார்.

என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள்: 2019 மார்ச் 14, வியாழக்கிழமை.