பேட்டரிக்கு வைத்த பொட்டு

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியதும் கார் செத்துப்போனது. ஒரு இருமல், ஒரு முனகல், எதுவும் கிடையாது. டேஷ்போர்டில் ஒரு விளக்கு இல்லை. ஏசி நின்றது. ஸ்டியரிங் அம்மிக்கல்லாகக் கனத்தது. உருண்ட வேகத்திலேயே எப்படியோ ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன்.

பின்சீட்டில் என் தங்கை. நிறைமாதம். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவளுக்கு வலி எடுத்து, மாமல்லபுரம் பக்கத்தில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். முதல் குழந்தை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. இந்தப் பிள்ளையோ தலை திரும்பாமல் உட்கார்ந்திருந்தது. வலி வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிச் சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் இங்கே புளியமரத்தடியில்.

"இன்னா அண்ணி, இன்னா ஆச்சு?" அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் கேட்டார்.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? மொதல்ல 108-க்குப் போனைப் போடுங்க தம்பி!"

போட்டார். "வந்துகினு கீதாம் அண்ணி. கொஞ்சம் ஆவுமாம்." கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை அந்த மனுஷனுக்கு. எனக்கு வந்த எரிச்சலை யாரிடம் சொல்ல?

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் என் வேலையே இதுதான். கருவிகள், வயர்கள், இணைப்புகள். எந்தப் பேனல் இருட்டானாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். சாவியைத் திருகினேன். டிக் என்றுகூடச் சத்தமில்லை. ஹார்ன் இல்லை. ஹெட்லைட் இல்லை. ஒன்று மட்டும் போயிருந்தால் அதனதன் பியூஸைப் பார்க்கலாம். எல்லாம் ஒரே நொடியில் போனால் பேட்டரியிலிருந்து கரண்டே வெளியே வரவில்லை என்று அர்த்தம். மெயின் பியூஸ் போயிருந்தால் இந்த ரோட்டில் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. கடவுளே, அது மட்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பானெட்டைத் திறந்தேன்.

உள்ளே ஒரு கோயிலே இருந்தது. போன வாரம்தான் ஆயுத பூஜை. தங்கை புருஷன் தன் வண்டியைத் தேய்த்துக் கழுவி, எஞ்சினுக்குப் பொட்டு, ரேடியேட்டருக்குப் பொட்டு, வாடிய சாமந்திச் சரம் வேறு. பேட்டரியின் இரண்டு முனைகளும் சந்தனமும் குங்குமமுமாக ஜொலித்தன. ஊரே வைக்கிற பொட்டுதான், மேலாக வைத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் மைனஸ் முனையில் வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் இடுக்கிலிருந்தும் காய்ந்த சந்தனம் எட்டிப்பார்த்தது.

"தம்பி, இந்தக் கிளாம்பைக் கழட்டினீங்களா?"

இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "ஆமா அண்ணி. பச்சையா பூத்துப் போயிருந்துச்சு. கழுவிட்டு, சுத்தியும் சந்தனம் தடவி, குங்குமம் வச்சு மாட்டுனேன். ஸ்பானர் இல்ல, கையாலயே முடுக்கிட்டேன். இந்த வாட்டியாச்சும் எல்லாம் நல்லபடியா..."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேட்டரியின் ஈய முனைக்கும் கிளாம்புக்கும் நடுவில் சந்தனம் காய்ந்து ஓடாகி, தளர்ந்த கிளாம்பு வேகத்தடையில் குதித்து, இருந்த கொஞ்சம் தொடர்பும் விட்டுப்போயிருக்கிறது. கையை வைத்தேன், அப்படியே கழன்று வந்தது. துப்பட்டா நுனியால் துடைக்கப் போனேன்.

"அண்ணி, வாணாம்!" என் கையைப் பிடித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவர். "அவ வலியில துடிச்சிகினு கீறா. இப்பப் போயி குங்குமத்த அழிக்கிறதா?"

"அடப் பாவி மனுஷா! அதை அழிக்கலேன்னா வண்டி நகராது!"

"108 வந்துடும் அண்ணி..."

உள்ளேயிருந்து தங்கை கத்தினாள். வார்த்தை இல்லை, வெறும் கத்தல். ஒரு லாரி காற்றை வாரியடித்துவிட்டுப் போனது. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன், ஆம்புலன்ஸ் எதுவும் வரவில்லை.

அவர் என் கையை விட்டார். "நீங்க தொடாதீங்க. நானே அழிக்கிறேன். வர்றது எனக்கே வரட்டும்."

குங்குமம் அழிந்தால் போவது யார் உயிர் என்று நம் வீடுகளில் நம்புகிறோம்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் உள்ளங்கையாலும் கட்டைவிரலாலும் அழுத்தித் தேய்த்தார். கை இரண்டும் சிவந்தன. மிச்சத்தை நான் வீட்டுச் சாவி முனையால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினேன். கிளாம்பை மாட்டி, கிடந்த கல்லை எடுத்து, மைனஸ் பக்கம்தானே, ஷார்ட் ஆகாது என்ற தைரியத்தில் தட்டி இறுக்கினேன். காருக்குள் கிணிங் கிணிங்கென்று சத்தம் கேட்டது. கதவு திறந்திருக்கிறது என்று கத்தும் அந்தச் சனியன் பிடித்த சத்தம். அதைக் கேட்டு அழுதது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

108-ஐ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். செங்கல்பட்டு வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போய் உயிர் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் அவர் கைகளைப் பார்த்துப் பதறிப்போனாள். "ஐயோ, பிளீடிங்கா?" குங்குமம் என்று விளக்குவதற்குள் ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்விட்டது.

ஆபரேஷன் தியேட்டருக்கு எதிரிலேயே குழாய் இருந்தது. "கையைக் கழுவுங்க தம்பி" என்றேன். தலையை ஆட்டினார், எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் மூடி மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்து, துணியில் சுற்றிய பெண் குழந்தையோடு நர்ஸ் வந்தாள். அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. "அவ எப்டி கீறா?" என்றார்.

"அம்மா நல்லா இருக்காங்க. சார், கையக் கழுவிட்டு வாங்க, அப்பறம் தூக்கலாம்."

அப்போதுதான் எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். சிவப்பு போன பிறகும் தண்ணீரை நிறுத்தாமல், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார்.