ஒரு வரி இறங்கிய பெயர்கள்

இதை எழுதலாம் என்று அம்மனுக்குச் சூடம் ஏற்றிவிட்டு உட்காருவேன். எழுதாமலே எழுந்துவிடுவேன். இப்படியே வருடங்கள் போய்விட்டன. மகள் மனசு நோகுமே என்ற பயம்தான். ஆனால் ஊர் வாயில் கதை வேறாகிக்கொண்டே போகிறது.

எங்களுக்குக் கூடலூர். என் மனைவி தினமும் ஜீப்பில் மலையேறி, கேரளத்து எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கப் போவாள். ஓட்டுவது அவளுடைய அண்ணன். கூடவே இன்னொரு ஜீப்பும் போகும். சாயங்காலம் மழைச் சத்தத்தில், யார் ஏறினார்கள் என்று கத்திக் கத்தி மைத்துனருக்குத் தொண்டை கட்டிவிடும். தேனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த எங்கள் மகள் அவருக்காக ஒரு ஆப் செய்தாள். எந்த ஜீப்பில் ஏறினாலும் ஏறிய பெண் தன் போனில் அமுக்கினால் போதும். மைத்துனர் போனில் அவள் பெயருக்கு நேரே கட்டத்தில் பச்சை விழும்.

எங்கள் பக்கத்து டிரைவர்களுக்குப் பெண்களை வீட்டை வைத்துத்தான் தெரியும். அதனால் பெயருக்குப் பதில், ‘மேட்டுத்தெரு டெய்லர் வீட்டு மூத்த மருமகள்’ என்கிற மாதிரி போட்டாள்.

“என்னைய எப்பிடிடீ போட்டுருக்க?” என்றாள் என் மனைவி.

“அம்மான்னு.”

“நல்லாருக்கு! எங்கண்ணன் என்னைய அம்மான்னு கூப்பிடவா?”

மைத்துனர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “ஆத்தா, எழுத்து எறும்பு கணக்கா இருக்கு. பெருசாக்கிக் குடு.”

“கண்ணு தெரியலைன்னா ஜீப்பை எங்கிட்டக் குடுத்துருங்க மாமா.” சிரித்துக்கொண்டே எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள்.

பெரிதானதும் அந்த நீளப் பெயர் மடங்கி இரண்டு வரியானது. அதற்குக் கீழே ‘அம்மா’வில் தொடங்கிப் பெயர்களெல்லாம் ஒரு வரி இறங்கின. கட்டங்கள் இறங்கவில்லை. மகள் செய்து பார்த்த அவளுடைய அகலமான போனில் எல்லாம் நேராகவே இருந்தது.

மறுநாள் நல்ல மழை. தூக்குவாளியை மறந்து என் மனைவி திரும்பத் தோட்டத்துக்குள் போயிருக்கிறாள். அவளுடைய கட்டம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அது நின்றது டெய்லர் வீட்டு மருமகளின் இரண்டாம் வரிக்கு நேரே. அந்தப் பெண்ணோ மைத்துனருக்குப் பக்கத்தில் முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்ததால், காலிக் கட்டத்தை அவர் பொருட்படுத்தவில்லை. ‘அம்மா’வுக்கு நேரே அடுத்தவளின் பச்சை. தங்கச்சி பின்னால் வரும் ஜீப்பில் இருக்கிறாள் என்று மைத்துனர் வண்டியை எடுத்தார். அதில் இருந்தவர்கள் அவள் முன்னால் போகிறாள் என்று நினைத்தார்கள்.

ஊர் வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்ப மலைக்கு ஓடினோம். குறுக்குப் பாதையில் நடந்து இறங்கியிருக்கிறாள். விடிந்ததும் ஓடைப் பள்ளத்தில் கண்டெடுத்தோம். உயிர் இல்லை.

“படிச்ச திமிருல பெத்தவளையே மலையில விட்டுட்டா” என்கிறார்கள். நேர்த்திக்கடன் பாக்கி, அம்மன் எடுத்துக்கொண்டாள் என்கிறார்கள். நான் கும்பிடுகிற அம்மன் அப்படிப்பட்டவள் இல்லை. மகள் இப்போது கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை. சோற்றில் கை வைத்தபடி, “ஒரு வரிதானப்பா எறங்குச்சு” என்பாள். நெற்றியில் திருநீறு பூசிவிடுவேன். வேறென்ன செய்ய?

யாரிடமாவது இதைச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். திமிர் என்று சேர்க்க வேண்டாம், தெய்வக்குற்றம் என்றும் வேண்டாம். பாவம் என்று அவளுக்குப் பரிந்து எதையும் மறைக்கவும் வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கியது அவள் கைதான். அதையும் சொல்லுங்கள்.